மருமகன் கடையில ஒரு மிஷின் கணக்கப்பிள்ளை

வா மருமகனே, உக்காரு. அந்த நாற்காலிக்கு ஒரு கால் நொண்டி, இப்படித் திண்ணையிலயே உக்காந்துக்கோ. காலையில உன் கடையிலருந்து என் போனுக்கு ஒரு மெசேஜு வந்துச்சு. ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே’ன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. தாய்மாமனை வாடிக்கையாளராக்குன மொத ஆளு நம்ம வம்சத்துலயே நீதான். சரி, அது கிடக்கட்டும். போகும்போது பேசிக்கிருவோம்.

மொதல்ல அந்த டீவி சமாச்சாரத்தைச் சொல்லு. கல்லாவுக்கு மேல லட்சுமி படம் இருந்த இடத்துல மாட்டியிருக்கியே, பச்சையும் செவப்புமா வட்டம் வட்டமாச் சுத்திக்கிட்டு. டேஷ்போர்டுன்னு பேரு சொன்ன. எனக்குத் தெரிஞ்ச டேஷ்போர்டு லாரியில டிரைவருக்கு முன்னால இருக்கும். அதுல ஒரு முருகன் படம், காஞ்ச எலுமிச்சம்பழம், பீடிக்கட்டு, அப்புறம் ரெண்டு மூணு முள்ளு. டிரைவரு முள்ளை அப்பப்ப ஓரக்கண்ணால பாப்பாரு. மத்த நேரமெல்லாம் கண்ணாடிக்கு வெளிய ரோட்டைத்தான் பாப்பாரு. நீ என்னடான்னா, வாசல்ல ஒரு அம்மா வந்து ‘அண்ணாச்சி, கால் கிலோ உளுந்து’ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டும் திரும்பாம, ‘கடைக்கு வர்ற ஆளு குறைஞ்சிருக்கு மாமா’ன்னு டீவியைப் பாத்துச் சொல்லிக்கிட்டிருக்க. குறையாம என்ன செய்யும்? அந்த அம்மா எதுத்த கடைக்குப் போயிருச்சே.

கேலி பண்றேன்னு நினைக்காத. பண்ணத்தான் செய்றேன். ஆனா மிஷினு வேண்டாம்னு சொல்ற ஆளு நான் இல்லை. விருதுநகர்ல ஒரு பருப்புக் கமிஷன் கடையில முப்பத்தெட்டு வருசம் கணக்கு எழுதி இந்த முதுகு வளைஞ்சது இப்படி ஒரு மிஷினு இல்லாமத்தான். சரக்கு வந்தா துண்டுச் சீட்டு. சீட்டைப் பாத்துச் சிட்டை. சிட்டையைப் பாத்துப் பேரேடு. ஒரே விசயத்தை மூணு இடத்துல எழுதணும். ஒரு நாள் ராத்திரி ஆறு ரூபா இடிச்சது. பதினொரு மணி வரைக்கும் தேடுனோம். ‘ஆறு ரூபாதானே முதலாளி, நான் போட்டுர்றேன்’னு கேட்டுப் பாத்தேன். விடலை. கடைசியில பாத்தா பேரேட்டுல ஒரு ஏழு, தலையை ஆட்டிக்கிட்டு ஒண்ணு மாதிரி நின்னுக்கிட்டிருந்துச்சு. உன் மிஷினு அந்த வேலையைக் கண் மூடி முழிக்குறதுக்குள்ள முடிச்சிரும். அதுக்குக் கொட்டாவி வராது. பொண்டாட்டி தேடுவான்னு கவலை கிடையாது. அதுக்கு நான் கும்பிடு போடுறேன்.

அந்த முதலாளிகிட்டயும் ஒரு டேஷ்போர்டு இருந்துச்சு, தெரியுமா? சட்டைப் பையில ஒரு துண்டுத் தாள். தினம் காலையில நான் எழுதிக் குடுக்கணும். கையில ரொக்கம் எவ்வளவு, முப்பது நாளுக்கு மேல பாக்கி வச்சிருக்கவன் யாரு, கிட்டங்கியில நாள்பட்டுக் கிடக்குற சரக்கு எது. அம்புட்டுத்தான். கெட்டிக்காரத்தனமா நாலாவதா ஒண்ணு எழுதிக் குடுத்தேன் ஒரு நாளு. ‘இதை வச்சு நான் இப்ப என்னய்யா செய்யணும்?’னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியலை. மறுநாளு அது இல்லை. உன் டீவியில இருபத்திரண்டு வட்டம் எண்ணிப் பாத்தேன். இந்த நாலு மாசத்துல எதைப் பாத்து என்ன செஞ்சன்னு சொல்லு, கேப்போம்.

பொன்னி அரிசி விலையை ஏத்துன. ஆமா, ஏத்துன. அதுக்குத்தான் வாரேன்.

அதுக்கு முன்னால ஒண்ணு. இதெல்லாம் என்னமோ முந்தாநாளு பெங்களூருல பொறந்த வித்தைன்னு நினைச்சுக்கிட்டிருக்க நீ. என் பேத்தி அன்னைக்கு வாசிச்சுச் சொன்னா. இங்கிலாந்துல லயன்ஸ்னு ஒரு டீக்கடைக் கம்பெனி. டீக்கடைன்னா நம்ம பஸ் ஸ்டாண்டு டீக்கடை மாதிரி ஒண்ணு ரெண்டு இல்லை, ஊர் ஊருக்குக் கடை. பன்னு, கேக்கு, ரொட்டி எல்லாம் லண்டன்ல ஒரே இடத்துல சுட்டு, ராவோட ராவா அத்தனை கடைக்கும் அனுப்பணும். ஒவ்வொரு டீயிலயும் கால் காசுதான் மிச்சம். அதைக் கணக்கு எழுதவே ஒரு பட்டாளம் குமாஸ்தா. 1947ல ரெண்டு ஆளை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்க புதுசா வந்திருக்குற கணக்கு மிஷினைப் பாத்துட்டு வாங்கன்னாக. அப்ப அந்த மிஷினு பீரங்கிக் குண்டு எங்க போய் விழும்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்த காலம். போன ஆளுக, ‘குண்டுக் கணக்கு போடுறது பன்னுக் கணக்கு போடாதா’ன்னு யோசிச்சுக்கிட்டே ஊரு திரும்புனாக. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல ஒரு மிஷினு கட்டிக்கிட்டிருந்தாங்க. அதுக்கு 3,000 பவுண்டு குடுத்து, அந்த வித்தையைக் கத்துக்கிட்டு, தாங்களே ஒண்ணைக் கட்டிட்டாக. பேரு லியோ. 1951 நவம்பர்ல பேக்கரிச் சரக்குக்கு மதிப்புப் போட ஆரம்பிச்சுச்சு. வியாபாரக் கணக்கை அன்றாட வேலையாப் பாத்த மொத கம்ப்யூட்டர் அதுதான்னு சொல்றாங்க. ஒரு டீக்கடைக்காரன் செஞ்ச வேலை மருமகனே. டீக்கடைக்காரனை லேசா நினைக்காத.

அதுல எனக்குப் பிடிச்சது மிஷினு இல்லை. அந்தக் கம்பெனியில ஜான் சிம்மன்ஸ்னு ஒரு ஆளு. கணக்குல பெரிய படிப்புப் படிச்சவரு, 1923ல வேலைக்குச் சேந்தாரு. மிஷினு வாரதுக்கு இருபது வருசத்துக்கு முன்னாலயே அவரும் அவர் ஆளுகளும் ஆபீசுல ஒவ்வொரு சீட்டா எடுத்து, ‘இது எதுக்கு, யாரு பாக்குறா, இல்லைன்னா என்ன குடிமுழுகிப் போகும்’னு கேட்டுக் கேட்டுத் தேவையில்லாததைக் கிழிச்சுப் போட்டுக்கிட்டே வந்திருக்காங்க. வீட்டைக் கூட்டிப் பெருக்கி மெழுகி வச்ச பொறவுதான் மருமகளைக் கூட்டிட்டு வந்தாக. நீ குப்பையைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு ஆரத்தி எடுத்துட்ட.

அப்புறம் கேளு. அந்த டீக்கடை ஒவ்வொண்ணையும் நடத்துறது ஒரு பொம்பளை. எந்தக் கிழமைக்கு எத்தனை பன்னு, எத்தனை கேக்குன்னு ஒரு வழக்கக் கணக்கு மிஷின்ல இருக்கும். தினமும் குறிச்ச நேரத்துக்குத் தலைமை ஆபீசுலருந்து போன் வரும். ‘வழக்கம்போலத்தானா, மாத்தம் இருக்கா?’ அந்த அம்மா மாத்தம் இருக்குறதை மட்டும் சொல்லும். போன்ல பேசுற பொண்ணு கேக்கக் கேக்க அட்டையில ஓட்டை போட்டு மிஷினுக்குள்ள தள்ளும். வழக்கம்போல நடக்குறதை மிஷினு பாத்துக்கிட்டது. இன்னைக்கு மழை, ரொட்டி குறைச்சலாப் போதும்னு சொல்றது கடையில நிக்குற அம்மா. யோசிச்சுப் பாரு, எம்புட்டுச் சூட்டிகை. உன் கடையில மில்லுக்கு ஆர்டர் போடுறது யாரு? மிஷினே போட்டுருமாம், உன்னைக் கேக்கவே கேக்காதாம். பெருமையா வேற சொன்ன.

நம்ம நாட்டுக் கதையும் ஒண்ணு இருக்கு. டாலின்னு ஒரு சாஃப்ட்வேர், விருதுநகர் பஜார்ல இன்னைக்கு அது இல்லாத ஆடிட்டர் ஆபீசு எங்க இருக்கு? அது எப்படிப் பொறந்துச்சுன்னா, ஷியாம் சுந்தர் கோயங்கான்னு ஒரு வியாபாரி, மில்லுகளுக்குச் சாமானும் உதிரிபாகமும் சப்ளை பண்றவரு. தன் கடைக் கணக்குக்குத் தோதா ஒரு சாஃப்ட்வேர் தேடிருக்காரு, ஒண்ணும் அமையலை. கணக்குப் படிச்ச மகன் பரத்கிட்ட, ‘நீயே ஒண்ணு எழுது’ன்னுட்டாரு. 1986ல பெங்களூருல கம்பெனி ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னால கணக்கு சாஃப்ட்வேர்னா ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பரு குடுத்து, அந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கிட்டுத்தான் அலையணும். இவங்க ஆளு பேரை அடிச்சாலே கணக்கு வாற மாதிரி எழுதுனாக. பேரேட்டுல நாம பேருதானே எழுதுறோம். கடையில உக்காந்து பாத்தவன் வீட்டுல பொறந்ததால அது கடைக்காரன் கைக்கு அடக்கமா இருந்துச்சு. அந்த மகனுக்கு 2020ல பத்மஸ்ரீ குடுத்துட்டாங்க. உங்க அப்பாவும் உன்னை ‘ஒண்ணு எழுதுடா’ன்னு சொல்லிருந்தா நீ என்ன எழுதிருப்பங்குறது எனக்குத் தெரியும். அக்கா மனசு கஷ்டப்படும், விடு.

இப்ப அரிசிக்கு வருவோம்.

போன செவ்வாக்கிழமை மத்தியானம் நான் உன் கடைக்குள்ள நுழையும்போது வாசல்ல மில்லு லாரி நிக்குது. அம்பது சிப்பம் பொன்னி இறக்கணும், இறக்க இடமில்லை. டீவியில பொன்னிக்குச் செவப்பு வட்டம், ‘இருப்பு இல்லை’. கிட்டங்கிக்குள்ள போய்ப் பாத்தா சுவரோரமாப் பன்னிரண்டு சிப்பம் கல்லுக்குண்டு மாதிரி நிக்குது. நீ போன்ல கணக்கைத் தட்டித் தட்டிப் பாத்து மொகம் செவந்து போய் நிக்குற. எதுக்க உங்க அப்பா காலத்துலருந்து எடை போடுற பெரியவரு, கையில கோணி ஊசியோட.

உன் கணக்கைக் குறை சொல்ல மாட்டேன். நாலு மாசத்துல 312 சிப்பம் வாங்கிருக்க. மிஷினு கணக்குப்படி சிப்பத்துக்கு 25 கிலோ, ஆக 7,800 கிலோ. சில்லறையில வித்ததும் பில்லுப்படி 7,800 கிலோ. அப்ப ஒரு மணி அரிசி மிச்சம் இருக்கக் கூடாது. ஆனா பன்னிரண்டு சிப்பம் நிக்குது. அரிசி ஆகாசத்துலருந்து விழாது. அப்படின்னா எடை போடுற ஆளு, வாங்க வந்த சனத்துக்கு நிறையைக் குறைச்சுப் போட்டு, மிச்சத்தை ஒதுக்கிருக்காரு. கிலோவுக்கு முப்பத்தெட்டு கிராம்! கிராம் சுத்தமாக் கண்டுபிடிச்சிட்ட. போலீசுக்காரன்கூட அம்புட்டுச் சுத்தமாக் கண்டுபிடிக்க மாட்டான். அவரைப் பாத்து, ‘இருபத்தேழு வருசமா இப்படித்தானா?’ன்னு கேட்ட பாரு, எனக்கே நெஞ்சுக்குழியில சுருக்குன்னுச்சு. அவரு ஒண்ணும் பேசலை. ஊசியை மேசை மேல வச்சாரு. துண்டை எடுத்து உதறித் தோள்ல போட்டாரு. கிளம்பப் போறாருன்னு அர்த்தம்.

நான் பெரிய துப்பறியும் வேலை ஒண்ணும் செய்யலை. பிரிக்காத சிப்பம் ஒண்ணைத் தள்ளிட்டு வரச் சொல்லி எடைமேடையில வச்சேன். சாக்கோட 26 கிலோ 100 கிராம். குனிஞ்சு பாத்தா, சாக்கு மேலயே பச்சை மையில கொட்டை எழுத்துல அடிச்சிருக்கு, நிகர எடை 26 கிலோன்னு. கண்ணாடி போடாமயே படிச்சேன். கடையில படிச்சவுக மூணு பேரு இருக்கீக.

பெரியவருகிட்ட கேட்டேன், ‘இருபத்தாறுன்னு உங்களுக்குத் தெரியாதா?’

‘தெரியுமே. தூக்குறவனுக்குத் தெரியாமப் போகுமா?’

‘பின்ன ஏன் சொல்லலை?’

‘என்கிட்ட யாரு கேட்டா?’

அந்த இருபத்தாறு எப்படி வந்துச்சுன்னு உனக்கே தெரியும். 2022 ஜூலை 18லருந்து, லேபிள் ஒட்டிக் கட்டி விக்குற அரிசி, பருப்பு 25 கிலோ வரைக்கும் இருந்தா அஞ்சு சதவீதம் ஜிஎஸ்டின்னு வந்துச்சு. இருபத்தஞ்சுக்கு மேல போனா அந்த வரி இல்லை. நம்ம ஆளுக விடுவாங்களா? சிப்பத்துல ஒரு கிலோ கூட அள்ளிப் போட்டு இருபத்தாறாத் தைச்சுட்டாங்க. தமிழ்நாட்டு மில்லுகாரன் மூளைக்கு முன்னால எந்த மிஷினும் கைகட்டித்தான் நிக்கணும். ஆனா உன் கடையில சாஃப்ட்வேர் மாட்ட வந்த பையன், என்னைக்கோ அடிச்ச பழைய விலைப்பட்டியலை வச்சுக்கிட்டு ஐட்டம் மாஸ்டர்னு சாமான் விவரம் ஏத்துற பட்டியல்ல ‘சிப்பம் = 25’ன்னு ஏத்திட்டுப் போயிட்டான். பாவம், அவனுக்கு அரிசி சோத்துலதான் தெரியும். நீ பக்கத்துல நின்னு ஒருக்கா வாசிச்சுப் பாத்திருக்கணும். நீ அன்னைக்கு டீவி மாட்டக் கொத்தனாரைத் தேடிப் போயிருந்த.

அந்த ஒத்தை எழுத்து என்னென்ன செஞ்சிருக்குன்னு பாரு. சிப்பம் 1,560 ரூபா. இருபத்தஞ்சால வகுத்தா கிலோ அடக்கம் 62 ரூபா 40 காசு. இருபத்தாறால வகுத்தா அறுபதே ரூபா. 64க்கு வித்துக்கிட்டிருந்த. ‘பொன்னியில லாபம் கம்மி’ன்னு வட்டம் செவந்துச்சு. நீ 66 ஆக்குன. எதுத்த கடைக்காரரு கால்குலேட்டர்ல தட்டி 64லயே நிப்பாட்டிருக்காரு. அரிசி வாங்கப் போற இடத்துலதான சனம் பருப்பும் புளியும் வாங்கும்? உளுந்து கேட்ட அம்மா ஏன் அம்புட்டுச் சுளுவா ரோட்டைத் தாண்டுச்சுன்னு இப்ப வெளங்குதா? ஒரு தப்பு, அதுக்கு நாலு புள்ளை: விலை ஏறுச்சு, ஆளு குறைஞ்சுச்சு, தேவையில்லாத லாரி வந்து நின்னுச்சு, ஒரு மனுசன் திருடனானாரு. மிஷினு ஒண்ணுலயும் பொய் சொல்லலை. வகுத்தல் கழித்தல் எல்லாம் சுத்தம். அதுதான் பயமே. என் பேரேட்டுல தப்புன்னா அடிச்சல் திருத்தல் இருக்கும், மை ஊறிருக்கும், பாக்குறவனுக்கு ஒரு சந்தேகம் வரும். இதுல தப்பும் சரியும் ஒரே மாதிரிப் பளபளன்னு நிக்குது.

சிரிக்குறதுக்குச் சொல்லலை மருமகனே, இதே சங்கதி இங்கிலாந்துல ஒரு நாட்டையே தலைகுனிய வச்சிருச்சு. அங்க கிராமத்துல தபாலாபீசுன்னா பல இடத்துல தனிக் கட்டடம் கிடையாது. உன்னை மாதிரி மளிகைக்கடை வச்சிருக்கவங்களே ஒரு ஓரத்துல தபால் வேலையும் பாப்பாங்க. 1999லருந்து அத்தனை பேருக்கும் ஹொரைசன்னு ஒரு கணக்கு மிஷினைக் குடுத்தாங்க. ஃபுஜிட்சு கம்பெனியோடது. ராத்திரி கல்லாவை எண்ணுனா மிஷினு ஆயிரம் பவுண்டு குறையுதுங்கும், இன்னொரு நாளு நாலாயிரம் குறையுதுங்கும். ஒப்பந்தப்படி குறையுறதைக் கடைக்காரன் கைக்காசு போட்டுக் கட்டணும். கட்டுனாங்க. நகையை வித்தாங்க, வீட்டை அடமானம் வச்சாங்க. போன் பண்ணிக் கேட்டா, ‘வேற எங்கயும் இப்படிப் புகார் இல்லையே, உங்களுக்கு மட்டும்தான்’னு பதில். பதினஞ்சு பதினாறு வருசத்துல தொள்ளாயிரம் பேருக்கு மேல திருட்டு, பொய்க்கணக்குன்னு தண்டனை வாங்கிட்டாங்க. அதுல எழுநூறு கேசு வரைக்கும் தபால் நிர்வாகமே போட்டது. சிலரு ஜெயிலுக்குப் போனாங்க, வயித்துல புள்ளையோட போன ஒரு அம்மா உட்பட. கம்ப்யூட்டர் சரியாத்தான் வேலை செய்யுதுன்னு கோர்ட்டு எடுத்துக்கிட்டது. இல்லைன்னு காட்ட வேண்டியது கடைக்காரன் பொறுப்பு. மிஷினுக்குள்ள எட்டிப் பாக்கக்கூட முடியாதவன் எதைக் காட்டுவான்?

வேல்ஸ்ல லண்டிட்னோன்னு ஒரு ஊரு. அங்க ஆலன் பேட்ஸ்னு ஒரு கடைக்காரரு. ‘நான் கட்ட மாட்டேன், உன் கணக்கைக் காட்டு’ன்னாரு. 2003ல அவரு ஒப்பந்தத்தைப் புடுங்கிட்டாங்க. மனுசன் விடலை. தன்னை மாதிரி நசுங்குனவங்களை ஒவ்வொருத்தராச் சேத்து, 2019 டிசம்பர்ல மிஷின்ல கோளாறு உண்டுன்னு கோர்ட்டு வாயாலயே சொல்ல வச்சாரு. 2024ல பார்லிமெண்டே சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து பண்ணுச்சு. அதுக்குள்ள கண்ணை மூடுனவங்க எத்தனையோ பேரு.

அந்தப் பெரியவரு துண்டை உதறித் தோள்ல போட்டப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. நான் நாலு நாளாச் சொல்றேன், நீ இன்னும் அவர் வீட்டுக்குப் போகலை. ‘சிஸ்டத்துல திருத்திட்டேன் மாமா’ங்குற. சிஸ்டத்துல திருத்துனா அவருக்கு மெசேஜு போகுமாக்கும், ‘அன்பார்ந்த திருடரே, தாங்கள் இப்போது திருடர் இல்லை’ன்னு? ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கிட்டு நேர்ல போ. பழத்தை உன் கடையிலருந்து எடுக்காத, காசு குடுத்து வெளிய வாங்கு.

அவரு வந்த பொறவு அவரை வச்சு இன்னொரு வேலை செய்யு. மாசம் ஒருக்கா, கிட்டங்கியில இருக்குறதை அவரு எண்ணட்டும். அவரு எண்ணுறதை நீ கேட்டிருக்கியா? ‘லாபம், ரெண்டு, மூணு’ன்னுதான் எண்ணுவாரு. ஒண்ணுன்னு சொல்ல மாட்டாரு, லாபம்னுதான் ஆரம்பிப்பாரு. என் பேத்தி சொல்றா, கம்ப்யூட்டர் சைபர்லருந்து எண்ணுமாம். இதுல எது வியாபாரத்துக்கு ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்.

சரி, தீவாளிக்கு முன்னால இதை விடப் பெரிய சாஃப்ட்வேருக்கு மாறப் போறேன்னு சொன்னியாமே? அக்கா சொல்லுச்சு. யாருகிட்ட யோசனை கேட்ட? சிவகாசிப் பட்டாசுக்கடைக்காரன் தீவாளிக்கு மொத வாரம் கடைக்கு வெள்ளையடிக்க மாட்டான், உனக்கு அதுகூடவா தெரியலை? அமெரிக்காவுல ஹெர்ஷீஸ்னு மிட்டாய்க் கம்பெனி, பெரிய கம்பெனி. 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவு பண்ணி, மூணு சாஃப்ட்வேரை ஒரே நேரத்துல கொண்டு வந்தாங்க. நாலு வருசம் வேணும்னதை ரெண்டரை வருசமா நெருக்கிப் புடிச்சாங்க. 1999 ஏப்ரல்ல தொடங்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப் போச்சு. அங்க அக்டோபர் கடைசியில புள்ளைக பேய் வேசம் கட்டி வீடு வீடாப் போய் மிட்டாய் கேக்குற பண்டிகை. அதுக்குக் கடைக்காரன் ஆர்டர் குவியுற நேரம் பாத்து மிஷினு முழிச்சிருக்கு. கிட்டங்கியில மிட்டாய் இருக்கு, கடையில அலமாரி காலியா இருக்கு, நடுவுல கணக்கு திணறிக்கிட்டு நிக்குது. 10 கோடி டாலருக்கு மேல சரக்கை அனுப்ப முடியாமப் போச்சு. பேய் வேசம் கட்டுனது புள்ளைக, பேயடிச்சது கம்பெனிக்காரனை. அப்புறம் நிதானமாச் சரி பண்ணி, 2002ல அடுத்த மாத்தத்தைச் சத்தம் காட்டாம முடிச்சுட்டாங்க. அதே கம்பெனிதான். நீ தை முடிய விட்டு மாறு. ரெண்டு மாசம் பழசையும் புதுசையும் சேத்தே ஓட்டு. கை வலிக்கத்தான் செய்யும்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, எழுந்திரிக்காத. அடுத்த வாரம் என்ன விக்கும்னு மிஷினே சொல்லுதுன்னு பீத்திக்கிற. ஜப்பான்ல செவன் லெவன்னு கடை. 1974ல டோக்கியோவுல ஒரு மதுக்கடையைத்தான் மொதக் கடையா மாத்துனாக. நம்ம ஊருல மாத்துறது வேற மாதிரி, அது கிடக்கட்டும். 1982லயே எந்தச் சாமான் எந்த நேரம் வித்துச்சுன்னு பில்லு மிஷின்லயே பதிஞ்சிட்டாங்க. ஆனா ஆர்டர் போடுறதை மிஷின்கிட்ட விடலை. கடையில நிக்குற ஆளு, பகுதிநேரமா வேலைக்கு வர்ற புள்ளைககூட, ‘நாளைக்கு இது இம்புட்டு விக்கும், ஏன்னா’ன்னு ஒரு காரணம் யோசிச்சுப் போடணும்னு வச்சிருந்தாங்க. மறுநாளு மிஷினைப் பாத்துத் தாங்க நினைச்சது சரியான்னு பாப்பாங்க. அந்தக் கம்பெனியை வளத்த டொஷிஃபூமி சுசூக்கி சொன்ன உதாரணம்: கடலோரமா ஒரு கடை, நாளைக்கு லீவு, வானம் வெளுத்திருக்கு. அப்ப விடியக்காலையில மீன்பிடிக்குற ஆளுக வருவாங்க. வெயில்ல கெடாத சாப்பாடு எது? புளிச்ச பிளம்காய் வச்ச சோத்து உருண்டை. அதைக் கூட வாங்கி அடுக்கு. நாம திருச்செந்தூருக்குப் போகும்போது புளிச்சோறு கட்டுறமே, அந்தப் புத்திதான்.

உன் டீவி துவரம்பருப்புக்கு இந்த மாசம் என்ன சொல்லுச்சு? ‘போன மாசம் மாதிரியே’ன்னு சொல்லிருக்கும். ரேஷன் கடையில கிலோ 30 ரூபாய்க்குப் பருப்பு போடுறாங்களே, அது இந்த மாசம் இன்னும் வரலை. உங்க அத்தை ரெண்டு தடவை பையைத் தூக்கிட்டுப் போயிட்டு வெறுங்கையோட திரும்பிட்டா. தெரு முச்சூடும் அதே கதைதான். அந்தச் சனமெல்லாம் நாளைக்கு எங்க வரும்? உன் கடைக்கு. பருப்பு வச்சிருக்கியா? மிஷினுக்கு ரேஷன் கடை இருக்குற சந்து தெரியாது. உனக்குத் தெரியும், உன் வீட்டுக்குப் பின்னாலதான் இருக்கு.

சரி, கிளம்பு, இருட்டப் போகுது. பழம் வாங்க மறந்துராத.

ஆங், அந்த மெசேஜு. 1,840 ரூபா பாக்கின்னு என் பேருல போட்டு, தேதி, நேரம் எல்லாம் குறிச்சு வந்திருக்கு. போன மாசம் சாயங்காலம் 6.40க்கு முந்திரிப்பருப்பு அரைக்கிலோ, நெய் ஒரு லிட்டர். மிஷினு இந்த ஒரு விசயத்துல சரியாத்தான் எழுதிருக்கு, இல்லைன்னு சொல்லலை. காசு நாளைக்கே குடுத்து விடுறேன். ஆனா டாக்டர் எனக்கு நெய்யும் முந்திரியும் ஆகாதுன்னு சொல்லிருக்காரு, போனு பாதி நேரம் உங்க அத்தை கையில இருக்கு. நீ ஒரு காரியம் செய்யு. ஐட்டம் மாஸ்டர்ல கை வைக்கத்தான் இப்ப கத்துக்கிட்டியே? அந்த ரெண்டு வரியை மட்டும் உளுந்துன்னு மாத்த முடியுமான்னு பாரு.